பெரிய டயர், சின்னப் பல்லு

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பக்கம் பாப் சாண்ட்லர் என்று ஒருவர். கட்டட வேலை அவருக்குத் தொழில். 1974 மாடல் ஃபோர்டு எஃப்-250 பிக்கப் மேல் அவருக்குப் பைத்தியம். நாலு சக்கரமும் இழுக்கிற அந்த வண்டியைச் சேற்றிலும் மேட்டிலும் விட்டு உடைப்பார். உடைந்ததற்குச் சாமான் அந்த வட்டாரத்தில் கிடைக்கவில்லை என்று கடைசியில் தானே ஒரு கடை போட்டார். இப்படி ஆக்சில் ஆக்சிலாகப் போவதற்குக் காரணம் ஆக்சிலேட்டரை மிதிக்கிற அந்தப் பெரிய கால்தான் என்று கடையில் இருந்த ரான் மக்ரூடர் கிண்டல் செய்யப்போய், வண்டிக்கு ‘பிக்ஃபுட்’ என்ற பெயரே நின்றுவிட்டது. உலகத்துக்கு மான்ஸ்டர் டிரக் வந்த கதை இது. வயல்காட்டில் பழைய கார்கள் மேல் ஏறி நசுக்கியதெல்லாம் அப்புறம், 1981-ல்.

நான் நாமக்கல்லில் லாரி டிபரன்ஷியல் வேலை பார்த்தவன். கிரௌன் பினியனும் ஸ்டார் பினியனும் ஷிம் என்கிற மெல்லிய தகட்டு வளையமுமாகவே வயசு போனது. இப்போது டெக்சாஸில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேரனுக்கு ரிமோட் மான்ஸ்டர் டிரக் என்றால் உயிர். அவன் ஓட்டுவான், உடைப்பான், கொண்டுவந்து என் மேஜையில் வைப்பான். அப்படித்தான் இந்தப் பொம்மை வண்டிகளின் பூர்வீகத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பொம்மை என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். உள்ளே திறந்து பார்த்த பிறகு நானும் அப்படிச் சொல்வதை விட்டுவிட்டேன்.

சாண்ட்லர் மாட்டியது 48 அங்குல டயர். பிறகு 66 அங்குலம். டயர் இரண்டு மடங்கு உயரமானால், அதே இழுவைக்கு ஆக்சில் ஷாஃப்ட் தாங்க வேண்டிய முறுக்கும் இரண்டு மடங்கு ஆகிறது. அதோடு விடாது. டயரின் எடையும் கூடி, அந்த எடை நடுவிலிருந்து தள்ளியும் போய்விடுவதால், ஒருமுறை சுற்ற ஆரம்பித்த டயரை நிறுத்துவது லேசுப்பட்ட காரியமல்ல. வண்டி எம்பி ஆகாயத்தில் இருக்கும்போது டயர் வெறித்தனமாகச் சுற்றும். தரையில் பட்ட மறுநொடி அந்தச் சுற்றெல்லாம் எங்கே போகும்? ஷாஃப்ட் வழியாகத் திரும்பி உள்ளேதான் வரும். சரக்கு ஏற்றிய லாரி குழியில் விழுந்து சக்கரம் சுற்றி, சட்டென்று கெட்டித் தரையைப் பிடிக்கும்போது ஆக்சில் ஷாஃப்ட் முறிவதும் இதே கணக்கில்தான். சாண்ட்லர் ராணுவ லாரி ஆக்சில்களைத் தேடிப் போனார். முன்னும் பின்னும் திரும்புகிற ஆக்சிலாகப் போட்டு, பின் சக்கரத்துக்கும் ஸ்டியரிங் கொடுத்தார். பிற்பாடு இந்த வண்டிகளுக்கெல்லாம் சக்கரத்துக்குள்ளேயே கியர் வைத்த ஹப் வந்தது. கடைசிக் குறைப்பைச் சக்கரத்தில் வைத்துவிட்டால் அதற்கு முன்னால் இருக்கிற ஷாஃப்டும் கிரௌனும் கிராஸும் குறைந்த முறுக்கோடு தப்பித்துக்கொள்ளும். நம்ம ஊர் டிப்பர்களில் ஹப் ரிடக்‌ஷன் என்று வருகிறதே, அதே சங்கதி.

இந்த வண்டிகளின் ஜோர் ஜப்பான் வரை போனது. ஷிசுவோகா நகரத்து டாமியா கம்பெனி ஆரம்பத்தில் மரக் கம்பெனி. பிறகு பிளாஸ்டிக் மாடல் கம்பெனி. 1976-ல் போர்ஷே 934 காரை ரிமோட்டில் ஓடவிட்டு அந்தத் துறைக்குள் வந்தது. பத்து வருஷம் கழித்து, 1986-ல், பிளாக்ஃபுட் என்று ஒரு மான்ஸ்டர் டிரக் விட்டார்கள். மேலே ஃபோர்டு பிக்கப் பாடி, கீழே பெரிய டயர். ஆனால் நடுவில் இருந்தது 1983-ல் வந்த ஃப்ராக் என்னும் பக்கி வண்டியின் கியர் பாக்ஸ் வகையறா. சின்ன டயருக்குச் செய்த கியர் பாக்ஸில் பெரிய டயரை மாட்டினால் என்ன ஆகும்? சாண்ட்லருக்கு ஆனதுதான் வாங்கின பையன்களுக்கும் ஆனது.

முதலில் போனது ஷாஃப்டின் நுனி. அறுகோணமாகச் செய்த குண்டு, அறுகோணக் குழிக்குள் உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றும். ஆறு முனையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து குண்டு உருண்டையானதும் உள்ளேயே வழுக்க ஆரம்பிக்கும். மோட்டார் கத்தும், வண்டி நகராது. ஷாஃப்டைப் பலமாக்கினால் கியர் பாக்ஸின் இரண்டு பாதியும் முறுக்கில் விரிந்து, கியர் ‘டக் டக்’ என்று தாண்டும். இதையெல்லாம் சரிசெய்யவே கலிஃபோர்னியாவில் சில சின்னப் பட்டறைகள் கிளம்பின. எம்.ஐ.பி. அவற்றில் ஒன்று, தார்ப் இன்னொன்று. எஃகு ஷாஃப்ட், கிராஸ் பின் போட்ட ஜாயிண்ட், பற்களுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன எஃகுக் குண்டுகளை இரண்டு தட்டுக்கு நடுவில் இறுக்கிய பால் டிஃப் என்று சாமான் போட்டார்கள். கம்பெனி விட்டுவைத்த குறையை வைத்தே ஒரு தொழில் பிறந்தது. லாரித் தொழிலிலும் பாதிப் பிழைப்பு அப்படித்தான்.

ஆனால் அந்தக் காலத்தில் எல்லாரும் முதலில் செய்த அப்கிரேடு ரொம்பச் சாதாரணமானது. டாமியா கிட்டில் பேரிங் வர வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் புஷ் வரும். அதைக் கழற்றி 5 மில்லி உள்வட்டமும் 11 மில்லி வெளிவட்டமும் உள்ள பால் பேரிங் போடுவார்கள். வண்டி வேகமாக ஓடும், பேட்டரி கொஞ்சம் நேரம் கூட நிற்கும் என்பதற்காகப் போட்டார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. புஷ் தேய்ந்தால் ஷாஃப்ட் ஆடும்; ஷாஃப்ட் ஆடினால் இரண்டு கியருக்கும் நடுவில் இருக்க வேண்டிய தூரம் மாறும்; பல்லு நுனியில் மட்டும் கடித்துக்கொண்டு ஓடி, ஒருநாள் மொத்தமாகச் சீவிவிடும். நூற்றில் பாதிப் பல்லு போவது பல்லின் குற்றமே அல்ல. பேரிங்கைப் பார்க்காமல் கியரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் அதே வண்டி அடுத்த வாரம் வந்து நிற்கும்.

1987-ல் டாமியா விட்ட கிளாட் பஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இதுவரை வந்ததிலேயே புத்தியோடு செய்த மான்ஸ்டர் டிரக் அதுதான் என்பது என் தீர்ப்பு. பேரன் ஒத்துக்கொள்ள மாட்டான். அது மெதுவாகப் போகும் என்பான்.

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் என்னென்ன வேண்டும்? நடுவில் ஒரு கியர் பாக்ஸ், அதிலிருந்து முன்னும் பின்னும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதன் இரண்டு முனையிலும் ஜாயிண்ட், ஆக்சிலில் முறுக்கைத் தொண்ணூறு டிகிரி திருப்ப கிரௌன் பினியன். உடையக்கூடிய இடமெல்லாம் இந்த வரிசையில்தான் இருக்கிறது. கிளாட் பஸ்டரில் இது எதுவுமே கிடையாது. ஒவ்வொரு ஆக்சில் மேலேயும் ஒரு 540 மோட்டாரை நேராக உட்காரவைத்துவிட்டார்கள், அதுவும் ஆக்சிலுக்கு இணையாக, படுக்கைவாட்டில். மோட்டாரின் அச்சும் சக்கரத்தின் அச்சும் ஒரே வாட்டத்தில் இருப்பதால் முறுக்கைத் திருப்ப வேண்டியதே இல்லை. சாதாரண நேர்ப்பல் கியர்கள் வரிசையாக வேகத்தைக் குறைத்து டிபரன்ஷியலில் சேர்த்துவிடும். கிரௌன் பினியனில் இரண்டும் ஒன்றையொன்று தள்ளி விலகப் பார்க்கும். அந்தத் தள்ளலைத் தாங்கத்தான் நாங்கள் ஷிம்மும் டேப்பர் பேரிங்கும் போட்டு மாரடித்தோம். இங்கே நீளவாக்கில் தள்ளலே இல்லை. முன் ஆக்சிலைத் திருப்பிப் போட்டால் பின் ஆக்சில்; ஒரு மோட்டாருக்கு வயரை மாற்றிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். சாண்ட்லர் வண்டி மாதிரியே பின் சக்கரமும் திரும்பும்.

குறை இல்லாமல் இல்லை. ஸ்டியரிங் சர்வோ சேஸிஸில் இருந்து நீளக் கம்பி வழியாக ஆக்சிலைத் திருப்புவதால் எல்லா மூட்டிலும் ஆட்டம் சேர்ந்து, கையில் ஒன்று திருப்பினால் சக்கரம் ஒன்று செய்யும். ஆகவே சர்வோவை ஆக்சில் மேலேயே தூக்கி வைத்தார்கள். டிபரன்ஷியல் திறந்த வகை என்பதால் ஒரு சக்கரம் ஆகாயத்தில் தூக்கினால் அதுவே சுற்றிக்கொண்டிருக்கும், தரையில் இருப்பது சும்மா நிற்கும். அதற்கு ஸ்டார் பினியன்களுக்கு நடுவே எபாக்ஸியோ உருக்கிய பசைக் குச்சியோ ஊற்றி ஒரேயடியாக லாக் செய்துவிடுவார்கள். லாரிக்காரன் எவனாவது கேட்டால் தலையில் அடித்துக்கொள்வான். ஆனால் மண்ணில் மட்டும் ஓடுகிற, நாலு சக்கரமும் திரும்புகிற வண்டிக்கு அது குற்றமில்லை. இரண்டு மோட்டாரும் ஆக்சிலில் தொங்குவதால் ஸ்பிரிங்குக்குக் கீழே எடை அதிகம். குதித்து இறங்கும்போது அது தெரியும். அதனால்தான் அடுத்து வந்தவர்கள் வேறு வழியில் போனார்கள். ஆனாலும் திட ஆக்சில் வண்டிகளுக்கென்று நடத்துகிற ரேஸ்களில் இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஆக்சில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டாமியா வண்டிகள் கிட்டாக வந்தன. வாங்கினவன் ஒவ்வொரு கியருக்கும் தன் கையால் கிரீஸ் தடவி, பெட்டியை மூடி, திருகு போட்டுத்தான் ஓட்டினான். உடைந்தால் எங்கே எது இருக்கிறது என்று தெரியும். 1999-ல் டெக்சாஸின் டிராக்ஸஸ் கம்பெனி டி-மேக்ஸ் என்று ஒன்றை விட்டது. அது பூட்டியே வந்தது. எரிபொருள் ஊற்றி அப்படியே ஓட்ட வேண்டியதுதான். நைட்ரோ என்ஜின், நாலு சக்கர இழுவை, தானாக மாறும் இரண்டு கியர், அதற்கெல்லாம் மேலே ரிவர்ஸ். சுவரில் முட்டிய நைட்ரோ வண்டியை ஓடிப்போய்த் தூக்கித் திருப்பிய காலம் அதோடு முடிந்தது. விற்பனை எகிறியது. ஆனால் கியர் பாக்ஸ் என்று ஒன்று இருப்பதே, அது உடைந்த அன்றுதான் பாதிப் பேருக்குத் தெரிந்தது. ரிப்பேர்தான் முதல் பாடம் என்று ஆனது அங்கேதான். டிராக்ஸஸும் இதைப் புரிந்துகொண்டு, ஒவ்வொரு சாமானுக்கும் நம்பர் போட்ட விரிபடம் கொடுத்தது. கடைச் சுவரில் கொக்கி கொக்கியாகச் சின்னப் பாக்கெட்டுகள் தொங்கும். கிரௌன் பினியன் ஒரு பாக்கெட், ஷிம் ஒரு பாக்கெட். சேலத்தில் ஒரு சாமானுக்காக நாலு கடை ஏறி இறங்கினவனுக்கு அதைப் பார்த்தாலே பொறாமையாக இருக்கும்.

டி-மேக்ஸில் நாலு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன். அப்படியென்றால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் கோணம் மாறுகிற, நீண்டு சுருங்குகிற ஷாஃப்ட் வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று நழுவும் பிளாஸ்டிக் ஷாஃப்ட் கொடுத்திருந்தார்கள். பலம் கூடிய என்ஜின் போட்டால் அது முறுக்கிக்கொண்டு போகும். அதை எடுத்துவிட்டு எஃகு ஷாஃப்ட் போட்டார்கள். ஷாஃப்ட் நின்றது, டிபரன்ஷியல் வெளிவாயில் இருக்கும் பிடி திருகு தளர்ந்து போனது. அதை இறுக்கினார்கள், கிரௌன் பினியன் பல்லு சீவியது. எஃகுக் கிரௌன் போட்டார்கள்; அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கூடு விரிந்தது. அலுமினியக் கூடு போட்டார்கள். கியர் பாக்ஸுக்குள் போனது பிரச்சினை. முப்பது வருஷச் சரித்திரத்தை ஒரே வண்டியில் ஓட்டிக் காட்டியது மாதிரி.

பேரன் கையில் இருப்பது இதன் மின்சாரத் தம்பி, இ-மேக்ஸ். யாரோ ஓட்டி விற்றது. “அப்புச்சி, எல்லாத்தையும் மெட்டலா மாத்திட்டா உடையவே உடையாதுல்ல?” என்று கேட்டான்.

“மாத்தலாம் கண்ணு. அப்புறம் எது உடையும்னு சொல்லு, மாத்தலாம்” என்றேன்.

அவன் யோசித்து, “எதுவும் உடையாது” என்றான். டயர் தரையைப் பிடித்த வேகத்தில் வருகிற முறுக்கு எங்காவது போயாக வேண்டும் என்று சொன்னேன். அது போக ஒரு வழி விட்டுவைக்காவிட்டால், நாம் நினைக்காத இடத்தில், விலை அதிகமான இடத்தில் வழி பண்ணிக்கொள்ளும். மோட்டார் பினியனோடு கடிக்கிற பெரிய ஸ்பர் கியரைப் பிளாஸ்டிக்கில் வைத்திருப்பது கஞ்சத்தனத்தால் அல்ல; ஃபியூஸ் மாதிரி, அது போனால் மற்றதெல்லாம் பிழைக்கும். மூடியைக் கழற்றி நாலு திருகில் மாற்றிவிடலாம்.

டிபரன்ஷியல் விஷயத்தில் நன்றாகப் பாடம் படித்த கம்பெனி ஹெச்.பி.ஐ. 2002-ல் சாவேஜ் என்ற பெரிய நைட்ரோ டிரக்கை விட்டது. இரண்டு பலகைத் தகடு நிறுத்தி நடுவில் எல்லாவற்றையும் கோத்த, முரட்டு வண்டி. அதில் கிரௌனுக்கு 43 பல்லு, பினியனுக்கு 13. பல்லு பொடி. ஓட்டுகிறவர்கள் சீவித் தள்ளினார்கள். பிற்பாடு ‘புல்லட்புரூஃப்’ என்று பேர் வைத்து ஒரு செட் வந்தது: 29 பல்லு, 9 பல்லு. கணக்குப் போட்டுப் பாருங்கள், முன்னது 3.31, பின்னது 3.22. விகிதம் ஏறக்குறைய அதேதான், வண்டி ஓடுகிற விதம் மாறாது. ஆனால் அதே வட்டத்தில் எண்ணிக்கை குறைந்ததால் ஒவ்வொரு பல்லும் அடியில் தடித்துவிட்டது. உலோகத்தை மாற்றுவதற்கு முன்னால் பல்லின் உருவத்தை மாற்று என்பது கியர் வெட்டுகிறவர்களுக்குப் பாலபாடம். அதைப் பார்த்தபோது, யாரோ நம்ம ஆள் உள்ளே இருந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் எந்தப் பல்லும் ஷிம் சரியில்லாவிட்டால் நிற்காது. நான் பேரன் வண்டியின் முன் டிபரன்ஷியலைத் திறந்தபோது கிரௌனின் பல் ஒவ்வொன்றும் வெளிநுனியில் மட்டும் பளபளவென்று மின்னியது; உள்பக்கம் கருப்பு அப்படியே இருந்தது. நுனியில் மட்டும் கடித்து ஓடியிருக்கிறது. லாரியில் நீலச் சாயம் தடவிச் சுற்றிப் பார்த்து, கடிக்கிற இடம் பல்லின் நடுவில் விழுகிற வரை ஷிம் மாற்றுவோம். இங்கே எழுதுகிற மார்க்கரைப் பூசினேன். கிரௌனுக்குப் பின்னால், பினியன் பக்கமாக அதைத் தள்ளுகிற மாதிரி, 0.2 மில்லி ஷிம் ஒன்று. மூடி, விரலால் சுற்றிப் பார்த்தேன். ஆட்டம் இன்னும் இருந்தது. இன்னொரு ஷிம் போட்டதும் ஒரு சுற்றில் ஓரிடத்தில் கரகரவென்று இறுகியது. அது ரொம்ப அதிகம். மெல்லிய ஷிம் மாற்றியதும் எண்ணெயில் சுற்றுகிற மாதிரி வழுவழுவென்று வந்தது. மார்க்கர் மை பல்லின் நடுவில் அழிந்திருந்தது. ஸ்டார் பினியன் பக்கம் கெட்டியான சிலிக்கான் எண்ணெய் ஊற்றி மூடினேன். எண்ணெய் கெட்டியாக இருந்தால் தூக்கிய சக்கரம் வெறுமனே ஓடாது. கிளாட் பஸ்டரில் எபாக்ஸி ஊற்றியதை நாகரிகமாகச் செய்தது மாதிரிதான்.

மோட்டார் பினியனையும் ஸ்பரையும் சேர்க்க இந்த ஊர்க்காரர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். சாதாரணக் காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து இரண்டுக்கும் நடுவில் செருகி, மோட்டாரை அழுத்திப் பிடித்துத் திருகை முடுக்கி, காகிதத்தை உருவிவிட வேண்டும். அந்த இடைவெளிதான் தேவையான பிளே. ஃபீலர் கேஜுக்கு இவ்வளவு மலிவான மாற்று நான் பார்த்ததில்லை. இவன் வண்டியின் ஸ்பரை இங்கே 32 பிட்ச் என்கிறார்கள், 25.4-ஐ 32-ஆல் வகுத்தால் 0.794, அதாவது நம்ம ஊரில் 0.8 மாடியூல் என்று சொல்வதற்கு மயிரிழை கம்மி. டிராக்ஸஸ் பாக்கெட்டிலேயே இரண்டையும் அச்சடித்திருக்கிறார்கள்.

ஆட்டத்தை மொத்தமாகக் கலைத்தது பிரஷ்லெஸ் மோட்டார். 2008 வாக்கில் கான்சஸின் கேஸில் கம்பெனி மாம்பா மான்ஸ்டர் என்ற கன்ட்ரோலரை விட்டது; லிப்போ பேட்டரியும் கூடவே பரவியது. 2200 கேவி, அதாவது வோல்ட்டுக்கு 2200 சுற்று, உள்ள மோட்டாரில் 14.8 வோல்ட் கொடுத்தால் சுமையில்லாமல் நிமிஷத்துக்கு 32,560 சுற்று. ஆனால் உடைத்தது அந்த வேகமல்ல. நைட்ரோ என்ஜினில் கிளட்ச் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கும்; பிரஷ்லெஸ் மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்கையும் கொடுத்துவிடும். வண்டி பின்னங்காலில் எழும்பி நிற்கும், அதே நொடியில் உள்ளே எதுவோ போயிருக்கும். அதுவரை யாரும் கண்டுகொள்ளாத ஸ்லிப்பர் கிளட்ச், ஸ்பருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பிரிங்கும் நட்டும், அன்றிலிருந்து வண்டியின் முக்கியச் சாமான் ஆனது. நட்டை முழுசாக முடுக்கிவிட்டால் வண்டி பாய்ந்து போகும், பல்லும் கூடவே போகும். கால்வாசி தளர்த்தி, புறப்படும்போது ஒரு நொடி வழுக்குகிற சத்தம் கேட்டால் சரி.

பேரன் இணையத்தில் ஒரு எஃகுக் கிரௌன் செட் வாங்கினான், பளபளவென்று, டிராக்ஸஸ் விலையில் பாதிக்கு. வந்ததும் என்னிடம் கொடுத்தான். நான் அரத்தை எடுத்து பல்லின் ஓரத்தில் லேசாக இழுத்தேன். ஹார்டு பண்ணிய பல்லில் அரம் வழுக்க வேண்டும். இதில் கடித்துப் பொடி உதிர்ந்தது. மேலே முலாம், உள்ளே பச்சை இரும்பு. திருப்பி அனுப்பச் சொன்னேன். அவர்கள் பணம் தரவில்லை. விற்றவன் பேர் எதற்கு, அப்படி நூறு பேர் இருக்கிறார்கள்.

2015-ல் டிராக்ஸஸ் விட்ட எக்ஸ்-மேக்ஸில் ஸ்லிப்பரையே எடுத்துவிட்டு, ஸ்பருக்குள் ரப்பர் வைத்த குஷ் டிரைவ் கொடுத்தார்கள். மோட்டார்சைக்கிளின் பின் சக்கரத்தில் டிரம்முக்குள் ரப்பர் துண்டுகள் இருக்குமே, அதே ஏற்பாடு. அடி வந்தால் ரப்பர் நசுங்கி வாங்கிக்கொண்டு மறுபடி விட்டுவிடும். நட்டு இறுக்கம் பார்க்க வேண்டிய வேலையே இல்லை. இதைச் செய்ய ஏன் இத்தனை வருஷம் ஆனது என்று எனக்குப் புரியவில்லை. முதலில் 6 செல் பேட்டரிக்கென்று வந்த அந்த வண்டி, பிறகு 8 செல்லுக்கு ஏறிவிட்டது, 29.6 வோல்ட். பேரன் இப்போது அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான். மகள் என்னைப் பார்க்கிறாள். இருக்கிற இ-மேக்ஸின் பின் டிபரன்ஷியலை அவனே திறந்து ஷிம் வைத்து மூடிக் காட்டட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். முன் டிபரன்ஷியலில் நான் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன்தான். மார்க்கர் எங்கே இருக்கிறது என்று காலையில் கேட்டான்.